எலிபண்டாவில் ஓய்வாக ஒரு நாள்: செய்முறை விளக்கம்

டிசம்பர் பிறந்ததும் குளிர்நாட்டுக்காரர்கள் மெக்சிகோ பக்கம் ஏதாவது ஒரு தீவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஈஸ்லா முஹேரெஸ், கொஸுமெல் என்று பெயர்கள். இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டி, நாள் முழுக்க அதில் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் எழுந்து, அருமையான நாள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பயிற்சி இல்லாதவர்கள். உங்கள் கதை வேறு. நீங்கள் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ தாராவியிலோ குடியிருக்கிறீர்கள். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உங்களுக்கும் ஒரு தீவு இருக்கிறது. அதில் ஒரு நாள் ஓய்வெடுப்பது எப்படி என்பதைக் கீழே கொடுத்திருக்கிறோம். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முறையாகப் பழகிக்கொள்ளுங்கள்.

1. நீங்களாகப் போகாதீர்கள். மும்பையில் பிறந்து வளர்ந்தவர், ஊரிலிருந்து யாரும் வராதபோது, சும்மா எலிபண்டாவுக்குப் போய்வந்தார் என்று தெரிந்தால் பில்டிங்கில் என்ன நினைப்பார்கள்? வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைப்பார்கள். அரையாண்டுப் பரீட்சை முடியட்டும். கோவில்பட்டியிலிருந்து தங்கச்சி, மச்சான், மச்சானின் அம்மா, பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதன் ஒருவன் என்று எல்லோரும் வந்து இறங்கட்டும். ஒரு டாக்சியில் அடங்காத கூட்டம் சேர்ந்துவிட்டதா? இப்போது நாள் குறிக்கலாம்.

2. ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். மும்பையில் பாதிப்பேர் அன்றுதான் கேட்வேயில் நிற்பார்கள் என்பது ஒரு வசதி. ஹார்பர் லைனில் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் இருக்க வாய்ப்புண்டு என்பது அதைவிடப் பெரிய வசதி. அறிவிப்பு முந்தின நாளே வந்துவிடும், பார்க்காதீர்கள். பதினொரு மணிக்குச் செம்பூர் பிளாட்பாரத்தில் போய் நில்லுங்கள். வண்டி குர்லாவோடு நின்றுவிடும் என்று ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் சொல்லும். எதுவும் தமிழ் இல்லை என்பதால் மச்சான் உங்களைப் பார்ப்பார். “பழைய அனௌன்ஸ்மென்ட்டு, கண்டுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு ஏறுங்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் திங்கட்கிழமை போகலாம். குகைக்கு அன்று விடுமுறை.

3. காலை உணவை மாட்டுங்காவில் வையுங்கள். செம்பூரிலிருந்து கேட்வேக்குப் போக மாட்டுங்காவில் இறங்கவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதன் சிறப்பு. கிங்ஸ் சர்க்கிள் டிபன் கடை வாசலில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு நடைபாதையில் காத்திருங்கள். உள்ளே கிடைக்கப்போவது இட்லி, ரவா தோசை, ஃபில்டர் காபி. கோவில்பட்டியில் அன்றாடம் இதையே சாப்பிடுகிறவர்களை ரயிலில் ஏற்றி வந்து, இதற்காக வெயிலில் நிறுத்துவதில் ஒரு அழகு இருக்கிறது. “பம்பாய்லயும் நம்ம சாப்பாடு கிடைக்குது பாத்தீங்களா?” என்று கேளுங்கள். “ஆமா அண்ணே” என்பாள் தங்கச்சி. அவளுக்கு வடா பாவ் சாப்பிட ஆசை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

4. இதே நாளில் மகாலட்சுமி, ஹாஜி அலி, ஃபேஷன் ஸ்ட்ரீட், மரீன் டிரைவ் அஸ்தமனம் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். தீவுக்குப் படகில் போக மட்டும் ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கை யாராவது எடுத்துச் சொன்னால், “நான் இந்த ஊர்ல முப்பது வருஷமா இருக்கேன்” என்று சொல்லுங்கள். தீவுக்குக் கடைசியாகப் போனது கல்யாணத்துக்கு முன்பு என்பதை யாரும் விசாரிக்கப் போவதில்லை.

5. எல்லோருக்கும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு மும்பையில் அசல் குளிர் அடிக்கும், ஒன்பதுக்குள் போய்விடும். அதன் பிறகு அந்தக் கம்பளிகளை யார் சுமப்பது என்பது நாள் முழுக்க ஓடும். மச்சானின் அம்மா, அதாவது அத்தை, மட்டும் மங்கி கேப்பைக் கழற்றமாட்டார். கடல்காற்று காதுக்குள் போகும் என்பது அவர் கட்சி.

6. படகில் ஏறிய பிறகு மேல்தளத்துக்குத் தனியாகக் கேட்பார்கள். பத்தோ இருபதோதான். வெட்டவெளி, காற்று, கடல் என்று இந்த நாளின் மொத்தச் சுகமும் அந்தச் சில்லறையில் இருக்கிறது. மறுத்துவிடுங்கள். மறுப்பது கொள்கைக்காக என்று சொல்லுங்கள். கீழே இன்ஜின் பக்கத்தில், டீசல் வாடையில், கொள்கையோடு உட்காருங்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. 2024 டிசம்பர் 18 அன்று எலிபண்டாவுக்குப் போன படகில் கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பலர் இறந்துபோனார்கள். கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். அடுத்த குறிப்புக்குப் போவோம்.

7. படகு நகர்ந்ததும் சுற்றிலும் கடற்பறவைகள் வரும். பழுப்புத்தலைக் கடற்காகம் என்று ஒரு இனம். லடாக், திபெத் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே உறைபனி வந்ததும் இமயமலையைக் கடந்து, குளிர்காலத்தை மும்பைத் துறைமுகத்தில் கழிக்க வரும். முறையாக விடுமுறைக்கு வந்தவை அவை. மீன் பிடிக்கும், மிதக்கும், மறுபடி மிதக்கும். அவற்றுக்குக் காராசேவு வீசுங்கள். இமயம் தாண்டி வந்த பறவை கடலை மாவுக்காகச் சண்டை போடும் காட்சியை வீடியோ எடுங்கள். எடுக்கும்போது பறவையைப் பார்க்காமல் திரையைப் பாருங்கள்.

8. பறவை சலித்ததும் கரைப்பக்கம் திரும்புங்கள். இது முக்கியமான கட்டம். துறைமுகத்தில் பார்க்க நிறைய இருக்கிறது: கடற்படைக் கப்பல்கள், நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்கள், ஜவாஹர் தீவின் எண்ணெய்த் தொட்டிகள், 2024 ஜனவரியில் திறந்த 21.8 கிலோமீட்டர் அடல் சேது. இவற்றையெல்லாம் தாண்டி, வடக்கே டிராம்பே குன்றையும் பி.ஏ.ஆர்.சி. அணு ஆராய்ச்சி மையக் கட்டடத்தையும் தேடிக் கண்டுபிடியுங்கள். நீங்கள் உர ஆலைக்காரர் என்றாலோ சுத்திகரிப்பு ஆலைக்காரர் என்றாலோ அதன் புகைபோக்கியைத் தேடுங்கள். “அதோ, அதான் எங்க ஆபீஸ்!” என்று கத்துங்கள். விடுமுறை நாளில், கடல் நடுவில், குடும்பத்தோடு உட்கார்ந்து ஆபீஸைப் பார்ப்பதற்குத் தனி மனத்திடம் வேண்டும். பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டுங்கள். எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, பிரமோஷன் ஏன் தள்ளிப்போனது என்று தீவு வரும்வரை விளக்குங்கள்.

9. படகுத்துறையிலிருந்து படிக்கட்டு வரை பொம்மை ரயில் ஓடுகிறது. பிள்ளைகள் கேட்பார்கள். “நடந்தா அஞ்சு நிமிஷம்” என்று மறுத்துவிட்டு, அவர்கள் அழுதபடி பாதி தூரம் வந்த பிறகு டிக்கெட் எடுக்கத் திரும்புங்கள். அடுத்தது 120 படிகள். இரண்டு பக்கமும் கடை. கல் யானை, கல் புத்தர், கல் பிள்ளையார் எல்லாம் ஏறும்போதே வாங்குங்கள். இறங்கும்போது வாங்கினால் கனம் தெரியாமல் போய்விடும்.

அத்தைக்கு டோலி பேசுங்கள். நன்றாகப் பேசுங்கள், கால் மணி நேரம் பேரம் பேசி, டோலிக்காரர் மனம் நொந்து ஒத்துக்கொண்டதும் அத்தை சொல்வார்: “நாலு ஆளு தோள்ல போவ நான் என்ன செத்தா போய்ட்டேன்?” ஏறமாட்டார். படியிலும் மற்ற எல்லோருக்கும் முன்னால் போய்விடுவார்.

10. சாப்பாடு. புளியோதரையை எவர்சில்வர் தூக்கில்தான் கொண்டுபோகவேண்டும். வெயிலில் பளபளவென்று மின்னினால்தான் குரங்குக்குத் தூரத்திலிருந்தே தெரியும். “குரங்குகள் ஜாக்கிரதை” என்ற பலகைக்கு நேர் கீழே நிழல் நன்றாக இருக்கும். அங்கே துணியை விரியுங்கள். நடக்கப்போவதைக் கவனியுங்கள், கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. குரங்கு ஓடிவராது, நடந்து வரும். உங்களைப் பார்க்காது. மாம்பழ ஜூஸ் பாட்டிலை எடுத்து, இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கி, மூடியைப் பல்லால் கவ்வி, பாட்டிலைத் திருகும். மூடியைத் துப்பிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி, நிறுத்தி நிறுத்திக் குடிக்கும். அதே நேரத்தில் அதன் குடும்பத்தார் தூக்கைக் கவிழ்த்து, புளியோதரையில் நிலக்கடலையை மட்டும் பொறுக்குவார்கள். நீங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு “ஹே, ஹே” என்று ஹிந்தியில் விரட்டுங்கள். “உங்களை யாரு இங்க உக்காரச் சொன்னது?” என்று மனைவி கேட்பார். தங்கச்சி நடுவில் புகுந்து, “விடுங்க மயினி, எனக்குப் பசியே இல்ல” என்பாள். எல்லோருக்கும் பசிக்கும்.

11. குகை டிக்கெட் 40 ரூபாய். பதினைந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. மீசை முளைத்த பையனைச் சற்றுக் கூனி நடக்கச் சொல்லுங்கள்.

உள்ளே இருபது நிமிடம் போதும். இருட்டு கண்ணுக்குப் பழகவே சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் பாதி நேரம் போய்விடும். தென்சுவரில் சுமார் 20 அடி உயரத்தில் மூன்று முகத்தோடு சதாசிவன். இடப்பக்கம் உக்கிரமான அகோரம், வலப்பக்கம் தாமரை ஏந்திய வாமதேவம், நடுவில் சலனமே இல்லாத தத்புருஷம். கிட்டத்தட்ட ஆறாம் நூற்றாண்டில், மலையைக் குடைந்து, பாறையை வெளியே அள்ளிக் கொட்டிச் செய்த வேலை. 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதற்கு முதுகைக் காட்டி எல்லோரும் வரிசையாக நில்லுங்கள். உயரமானவர்களை நடுவில் நிறுத்தினால் சிவன் முழுக்க மறைந்துவிடுவார். நடு முகம் கண்ணை மூடியிருக்கிறது என்று சொல்லி இன்னொரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

பக்கத்தில் வழிகாட்டி ஒருவர் வேறு குடும்பத்துக்கு “பிரம்மா, விஷ்ணு, மகேஷ்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். மூன்றும் சிவனின் முகங்களே என்று அறிஞர்கள் சொல்வதை வைத்து அவரோடு சண்டைக்குப் போங்கள். சண்டை முடியும்போது இருபது நிமிடமும் முடிந்திருக்கும். அர்த்தநாரி, கங்காதரர், கல்யாணசுந்தரர், கயிலையைப் பெயர்க்கும் ராவணன் எல்லாம் அடுத்த விருந்தாளி வரும்போது.

மச்சான் இந்நேரம், “நம்ம மகாபலிபுரத்துல இல்லாததா மச்சான்?” என்று ஆரம்பித்திருப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். கோவில்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கழுகுமலையில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிப் பாதியில் விட்ட வெட்டுவான் கோயில் இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் பார்த்திருக்கமாட்டார். அதைப் பார்க்க மும்பையிலிருந்து யாராவது வந்தால்தானே.

12. “மாமா, எலிபண்டான்னா யானை எங்க?” என்று கடைசிப் பையன் கேட்பான். “செத்துப்போச்சு” என்று முடித்துவிடுங்கள். படகுத்துறை அருகே நின்ற கல் யானையைப் பார்த்துத்தான் போர்ச்சுகீசியர் இந்தப் பெயரை வைத்தார்கள் என்றோ, 1864இல் ஆங்கிலேயர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது கிரேன் ஒடிந்து யானை விழுந்து நொறுங்கியது என்றோ, துண்டுகளை ஒட்டி இன்றும் பைகுல்லா ராணி பாக்கில் நிறுத்தியிருக்கிறார்கள் என்றோ ஆரம்பித்துவிட்டால் ஆபத்து. குர்லாவில் வண்டி மாறி மெயின் லைனில் வந்தபோது பைகுல்லாவைத் தாண்டித்தான் வந்தோம் என்பதைப் பையன் கண்டுபிடித்துவிடுவான்.

13. செல்போன் சார்ஜ் இறங்கியதும் தீவைத் திட்டுங்கள். கராபுரி என்பது அதன் பெயர், மூன்று சிற்றூர்கள் இருக்கின்றன, 2018 பிப்ரவரியில் கடலுக்கடியில் கேபிள் போட்டு மின்சாரம் வரும்வரை சாயங்காலம் சில மணி நேரம் டீசல் ஜெனரேட்டரோடு வாழ்ந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு? “ஒரு சார்ஜிங் பாயின்ட் கூட இல்ல, என்ன டூரிஸ்ட் ஸ்பாட்டோ” என்று, மோர் விற்கும் அம்மாவிடம், அவருக்குப் புரியாத தமிழில் குறைப்பட்டுக்கொள்ளுங்கள்.

14. கடைசிப் படகுக்கு ஓடுங்கள். முந்தின படகில் இடம் இருந்தது. சாவிக்கொத்துக்குப் பேரம் முடியாததால் விட்டுவிட்டீர்கள். அஸ்தமனம் மரீன் டிரைவில் என்று திட்டம் போட்டிருந்ததால், படகில் உட்கார்ந்திருக்கும்போதே கொலாபா கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும் சூரியனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். “போச்சு, சன்செட் போச்சு” என்று கடிகாரத்தைக் காட்டுங்கள்.

15. மூன்றாம் நாள் அவர்களை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுங்கள். ஜன்னல் வழியாக மச்சான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “கோடை லீவுக்கு நீங்க கண்டிப்பா வரணும், கழுகுமலைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்” என்பார். உடனே ஒத்துக்கொள்ளுங்கள். மே மாதம், பகல் பன்னிரண்டு மணி, பாறையில் செருப்பில்லாமல். மாமியார் வீட்டாரையும் அழைத்துக்கொள்ளுங்கள். தூக்கு மறக்கவேண்டாம், அங்கேயும் குரங்கு உண்டு.