அடிவயித்தக் கழுவுடா பேராண்டி

வா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. வண்டி மூடினபடியே இருக்குதான்னு பாத்துட்டியா? நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிட்டியா? காத்து நொழயாதே? சந்தோசம். உன் பாட்டன் கல்யாணத்துல பொண்ணுக்குக்கூட இம்மாம் பதனமா முக்காடு போட்டது கெடையாது.

தீமிதிக்கு வந்த புள்ள, அம்மன் மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி காருக்குப் போர்வை போத்திக்கினு நிக்கற. கேட்டா, "தாத்தா, உப்புக்காத்து, பெயிண்ட்டு பூடும்"ங்கற. பிரம்மதேசத்துக்குக் கடக்காத்து வரும்தான், நான் இல்லேங்கல. வெயிலு தாழ்ந்தா சிலுசிலுன்னு வரும். அந்தக் காத்துலதான் எழுபத்தெட்டு வருசமாக் குந்தியிருக்கேன். எனக்கு எவன்டா உறை தச்சுப் போட்டான்?

நான் யாருன்னு நெனச்சுப் பேசற? கெழக்கப் போனா மரக்காணம், உப்பளம். மேக்கப் போனா திண்டிவனம். திந்திரிணின்னா புளியாம், அந்தப் புளியங்காடுதான் திண்டிவனம் ஆச்சுன்னு எங்க வாத்தியாரு சொல்லுவாரு. ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் புளி. நடுவுல கெடக்கறவன் நான். மொளகு மட்டும் இருந்தா ரசமே வச்சிடலாம். என்னாண்ட வந்து உப்புக்குப் பயப்படச் சொல்ற.

உன்னப் போல ஒருத்தன் பொங்கலுக்கு டொரோண்டோவுலேருந்து வந்தான். என் தங்கச்சி பேரன். போனுல போட்டோ காட்டினான். தவளை குந்தினாப்போல ஒரு செவப்புக் காரு, ரெண்டே சீட்டு, பொண்டாட்டிய ஏத்தினா மாமியாருக்கு எடம் இல்ல. அதுக்காகவே வாங்கினானோ என்னமோ. "ஓட்டுவியாடா?"ன்னேன். "ஓட்டுவேன் தாத்தா, சித்திரைக்கு மேல"ன்னான். நவம்பர்ல தூங்கினா ஏப்ரல்லதான் முழிக்குமாம். அடேய், ஆறு மாசத் தூக்கம்னா அது காரா, கும்பகர்ணனா?

ஏன்டா இப்படின்னு கேட்டா, அங்க குளிரு காலத்துல ரோட்டுல உப்பக் கொட்டறாங்களாம். நான் நம்பல. உப்ப யாராவது ரோட்டுல கொட்டுவானா? 1930ல ராஜாஜி திருச்சியிலேருந்து வேதாரண்யம் வரைக்கும் சனத்தக் கூட்டிக்கினு நடந்து போயி ஒரு பிடி உப்ப அள்ளினதுக்கே வெள்ளக்காரன் புடிச்சு உள்ள வச்சான். அந்த உப்ப இவனுங்க லாரியில ஏத்தி நடு ரோட்டுல எறைக்கறானுங்க. கனடா தேசம் முச்சூடும் வருசத்துக்கு 50 லட்சம் டன் வாக்குல போவுதாம். நம்ம மரக்காணத்துச் சனம் வெயில்ல காஞ்சு கருவாடாயி வாருறதெல்லாம் அதுக்கு முன்னாடி ஊறுகாய்க்குக் காணாது.

அவனுங்களுக்கு வெயிலும் வேணாம், பாத்தியும் வேணாம். காட்ரிச்சுன்னு ஒரு ஊரு. ஹூரான் ஏரிக் கரை. அந்த ஏரிக்கு அடியில 500 மீட்டருக்கு மேல எறங்கி, உப்பப் பாறையா வெட்டி எடுக்கறானுங்க. உலகத்துலயே பூமிக்கு அடியில இருக்கற உப்புச் சுரங்கத்துல அதுதான் பெருசாம். மேல குடிக்கற தண்ணி, அடியில உப்பு. நம்ம கழுவெளியில மழைக்காலத்துல தண்ணி இனிக்கும், கோடையில கரிக்கும். அவனுங்களுக்கு மாடிக்கு ஒரு ருசி.

ஏன் கொட்டறான்னா அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. குல்ஃபிக்காரன் பானையில ஐஸுக்கு நடுவுல கல்லுப்ப ஏன் போடறான்? உப்புப் பட்ட ஐஸு கரையும். கரையற தண்ணி சுழியத்துக்குக் கீழ போனாலும் உறையாது. நல்லா உப்புக் கரைஞ்ச தண்ணி சுழியத்துக்குக் கீழ 21 டிகிரி வரைக்கும் தண்ணியாவே நிக்கும். அதான் ரோட்டுல உப்பு. ஆனா கட்டியாக் கெடக்கற உப்பு, குளிரு ரொம்ப முத்திப்போனா கரையறதுக்கே சோம்பல் படுமாம். அப்ப இன்னா பண்றானுங்க தெரியுமா? உப்புத்தண்ணியில பீட்ரூட்டு சாறு கலந்து தெளிக்கறானுங்க. சிரிக்காத, சத்தியம். டொரோண்டோ நகரத்துலயே செய்யறாங்க. இங்க பீட்ரூட்டு வெல ஏறினா பொரியலுக்கே ரெண்டு நாளு யோசிக்கறோம்.

சரி, உப்பு ரோட்டுல. காரு ஏன் கொட்டாயில தூங்குது? துரு.

இரும்பு, காத்து, ஈரம் மூணும் சேந்தா துரு. அது உனக்கும் தெரியும். உப்பு வந்து அதுல தரகன். தரகன் வந்தா எந்த யாவாரமும் சுருக்கா முடியுமே, அப்படி. உப்புத்தண்ணியில மின்சாரம் நல்லாப் பாயும். துருங்கறதும் ஒரு சின்ன மின்சார யாவாரந்தான். இன்னொண்ணும் இருக்குது. உப்பு சும்மா கெடக்காது, காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். அடமழையில உங்க ஆயா உப்பு ஜாடி கசிஞ்சு நிக்கறத நீ பாத்ததில்ல? அதே கசிவுதான் வண்டிக்கு அடியில. வெளிய ரோடு காஞ்சு கெடக்கும், உள்ள இடுக்குல ஈரம் சொதசொதன்னு நிக்கும்.

அந்த ஜாடியப் பத்திச் சொன்னேனே, உங்க ஆயா என்னிக்காவது உப்பத் தகர டப்பாவுல போட்டு வச்சாளா? பீங்கான் ஜாடி, இல்லேன்னா மண் சட்டி. எந்த எஞ்சினீரு காலேசுல படிச்சா அவ? உப்பளத்துல உப்பு வாருற பலகையப் போயிப் பாரு. மரம். கட்டுமரத்துல ஆணி உண்டா? கயித்துல கட்டியிருப்பான். கடலுக்குப் போயி வர்ற ஃபைபர் போட்டுக்காரன் கரை ஏறினதும் முதல் வேலையா எஞ்சினுக்குள்ள நல்ல தண்ணி வுட்டுக் கழுவுவான். மீனக்கூட அப்புறம்தான் எறக்குவான்.

நீ இன்னா பண்ணியிருக்க? அந்தப் பளபளா பூச்சு, பேரு இன்னா சொன்ன? சிராமிக்கு. ஜாடிக்குப் பூசறதக் காருக்குப் பூசியிருக்க. அதுக்கு மேல கண்ணாடித் தாளு மாதிரி ஒட்டியிருக்க. எம்மாம் செலவுன்னு கேட்டதுக்கு ஒரு தொகை சொன்னியே, அதுல நான் ஒரு ஜோடி மாடும் தீனிக்கு வைக்கோலும் வாங்கிடுவேன். தப்புங்கல. கல்லு தெறிச்சாத் தாங்கும், காக்கா எச்சம் கழுவ லேசு. ஆனா உப்பு எங்கடா ஏறுது? டயரு வாரி அடிக்கறது அடியில. கதவுக்குக் கீழ, சக்கரத்து இடுக்குல, பிரேக்கு பைப்புல. மூஞ்சிக்குப் பவுடரு ஒரு டப்பா, காலுல சேத்துப்புண்ணு. கூத்துல ராசா வேசம் கட்டறவன் தேவலாம், அவன் காலுக்குச் சலங்கையாவது கட்டறான்.

டொரோண்டோக்காரன்கிட்டயும் இதத்தான் கேட்டேன். அடிக்கு இன்னாடா பண்றீங்கன்னு. வருசா வருசம் குளிரு வர்றதுக்கு முன்னாடி ஒரு கடையில வுட்டு அடிப்பக்கம் பூரா எண்ணெய் பீய்ச்சுவாங்களாம். ரெண்டு நாளைக்கு வாசல்ல சொட்டிக்கினே கெடக்குமாம். அந்த ஊரு வெவசாயிங்க இன்னும் ஒரு படி மேல. எண்ணெய் அடிச்சதும் புழுதி ரோட்டுல ஒரு சுத்து வுட்டு, எண்ணெய் மேல புழுதி அப்ப வைப்பாங்களாம். எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சு நின்னே சிரிச்சேன். வைக்கோலச் சுட்டு, விளக்கெண்ணெய் வுட்டுக் கொழச்சு, மாட்டு வண்டி அச்சுக்கு மசை போட்டோமே, புழுதி படிஞ்சு கருப்பாத் திரண்டு நிக்குமே, அத ஆறு தடவ கப்பல் ஏத்தித் திருப்பி எனக்கே விக்கறான்.

விசயம் தெரிஞ்சவனுங்களும் இருக்கானுங்க. போர்ஷேன்னு ஒரு செர்மன்காரன். 1975 வாக்குலயே கார் ஓட்டத் துத்தநாகத்துல குளிப்பாட்டி எறக்க ஆரம்பிச்சான். கெணத்து வாளிக்குப் பூசுவானே, அந்தத் துத்தநாகந்தான். உப்பு வந்து கடிச்சா முதல்ல அது தன் ஒடம்பக் குடுக்கும், இரும்பு தப்பிக்கும். பூச்சு சொரண்டிப் போன எடத்துலகூட அக்கம்பக்கத்துல இருக்கற துத்தநாகம் கொஞ்ச நாளு காவல் காக்கும். நெறைய காருங்க இப்ப அப்படித்தான் வருது. உன்னுதும் அப்படித்தான் இருக்கும், பொஸ்தகத்தப் பொரட்டிப் பாரு. பாட்டு டப்பாவுக்கு எத்தினி ஸ்பீக்கருன்னு படிச்சிருப்ப, ஓடு எதுல செஞ்சதுன்னு படிச்சிருக்க மாட்ட.

கொட்டாயப் பத்தியும் ஒரு கூத்து. அந்த டொரோண்டோப் பையனோட பக்கத்து ஊட்டுக்காரன் காருக்குக் குளுருமேன்னு கொட்டாயில சூடு வச்சானாம். உப்பும் பனியும் ஒட்டின வண்டியக் கழுவாம சூட்டுல நிறுத்தினா? பனி உருகி உப்புத்தண்ணி. கதகதப்புல துருவுக்குக் கும்மாளம். வெளிய குளுருல வெறைச்சுக் கெடந்தாலாவது துரு மெதுவாத்தான் நடக்கும்.

இங்க பனி இல்லியே தாத்தான்னு பாக்கறியா? உனக்கு வேற கணக்கு. மரக்காணத்துலேருந்து உப்பு லாரி ஒழுகிக்கினு திண்டிவனம் போவுது. அதுக்குப் பின்னாலயே நீ ஒட்டிக்கினு வந்திருப்ப, முந்தறதுக்கு. கடக்கர ரோட்டுல பாண்டிக்குப் பறக்கற உன் கூட்டாளிங்க கடல் ஓரமா நிறுத்தி மணிக்கணக்குல போட்டோ புடிப்பானுங்க. அதெல்லாம் கழுவினாப் போச்சு. கழுவினாலும் போவாத சங்கதி ஒண்ணு இருக்குது. ஊருக்கு நாலு வேகத்தடை. உன் வண்டிக்கும் தரைக்கும் நாலு விரக்கட எடம். ஒவ்வொண்ணுலயும் 'கரக்'னு தேய்ச்சுக்கினு வந்தியே, திண்ணையில குந்தியிருந்த எனக்கே வயித்தக் கலக்கிச்சு. அந்தத் தேய்ஞ்ச எடத்துலதான்டா உப்பு குடி வரும். மேல மூடி இன்னா பிரயோசனம்? குனிஞ்சு பாத்தியா? பேண்ட்டு அழுக்காவும்.

கழுவறதுன்னா எந்தத் தண்ணியில கழுவுவ? அதையும் கேக்க மாட்ட. கடல ஒட்டின ஊருல போர் தண்ணி நெறைய எடத்துல கரிக்கும். அதுல காரக் கழுவினா, உப்ப உப்பால தொடச்ச கத. மொதல்ல ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாரு. நாக்கு வேணாம்னு சொன்னா வண்டிக்கும் வேணாம். ஏரிப்பக்கத்துக் கெணத்துல மோட்டரு ஓடுது, அந்தக் குழாய அடிப்பக்கம் திருப்பி வுடு. மல்லாட்டக் கொல்லிக்குப் பாயற தண்ணி கா மணி நேரம் காருக்குப் பாஞ்சா ஒண்ணும் காஞ்சு பூடாது. கதவுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், தண்ணி வடியறதுக்கு. மண்ணும் சருகும் அடைச்சிருக்கும். ஒரு ஈர்க்குச்சி எடுத்துக் குத்தி வுடு. ஊட்டுத் தாவாரத்துல அடைப்பெடுக்கத் தெரிஞ்சவனுக்கு இது பெரிய வித்தையா?

அம்மாம்தான். அப்புறம் ஓட்டு. நெறைய நாளு நிறுத்தி வச்சா பிரேக்குத் தட்டு துருப்புடிக்கும், பாட்டரி சாவும், நின்ன எடத்துலயே டயரு சப்பையாவும். எலி வேற ஒயர அறுத்துக் குடித்தனம் வைக்கும். எலிக்குச் செவப்புக் காரு, கருப்புக் காருன்னு வித்தியாசம் கெடையாது. உப்பு விக்கப் போனா மழை பேயுது, மாவு விக்கப் போனா காத்தடிக்குதுன்னு பொலம்பறவன் எதத்தான் விப்பான்? 2024 கார்த்திகையில ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, மரக்காணத்தையும் பாண்டியையும் போட்டுப் பொரட்டி, மயிலத்துல ஒரே நாள்ல அரை மீட்டருக்குப் பேஞ்சுது. உப்பளம் ஏரியாச்சு. அப்ப உறை போட்ட வண்டியும் நனைஞ்சுது, போடாத வண்டியும் நனைஞ்சுது.

நாளைக்கு வெடியல்ல உன்ன மரக்காணம் கூட்டிப் போறேன். பாத்தியில எறங்கி நிக்கற பொம்பளைங்க காலப் பாரு. வெடிச்சு, தோலு உரிஞ்சு கெடக்கும். அதுக்கு எவனாவது ஒரு பூச்சுக் கண்டுபுடிச்சானான்னு உன் போனுல தேடிச் சொல்லு. மழைக்கு முன்னாடி அந்த உப்பு அம்பாரத்து மேல கீத்து வேய்ஞ்சு மூடி வைப்பாங்க. உப்பு நனையக் கூடாதுன்னு நாங்க உப்ப மூடறோம். உப்பு படக் கூடாதுன்னு நீ காரை மூடற. கீத்து ஒண்ணுதான்.

உன் கார்லயே போவலாம்னு பாத்தேன். ஆனா இப்ப முடியாது போலிருக்குது. நீ முந்தாநேத்துப் போட்ட போர்வைக்குக் கீழ, முன் சக்கரத்தாண்ட, உங்க ஆயாவோட செவலக் கோழி நொழஞ்சுடுச்சு. காலையில குனிஞ்சு பாத்தேன், முட்ட வச்சிருக்குது. அடைக்குக் குந்திடுச்சு. கோழிக்கு 21 நாளு கணக்கு. அதுவரைக்கும் வண்டியத் தொட்டா உங்க ஆயா உன்ன ஊட்டுக்குள்ள வுட மாட்டா. கெளம்பு, சைக்கிள எடு. பின்னால நான் குந்திக்கறேன்.