கடிக்கிறவன் யாருன்னு மொதல்ல பாரு

ஏலே தம்பி, செத்த நிமிந்து பாரு. கண்ணு ரெண்டும் செவந்து போச்சு, இன்னும் அந்தப் பெட்டிய மூட மனசு வரலியா? அப்படி என்ன சோலி? ஸ்பானிஷ்ல ஒருத்தன் இன்னொருத்தன ‘லதிய்யா’ன்னு வஞ்சிருக்கான். அதுக்குத் தோதா இங்கிலீஷ்ல ஒரு சொல்லு வேணுமாக்கும். அகராதில பாத்தாச்சு, செயலில தட்டியாச்சு, ஏஐகிட்டயும் கெஞ்சியாச்சு. எல்லாம் ‘கிராப்’ங்குது. நண்டு! வெளங்குமாலே?

லதிய்யாங்கிறது மனுசனோட மறைவிடத்து மயிர்ல குடியிருக்கிற பேனு. உருவம் நண்டாட்டம் இருக்குன்னு இங்கிலீஷ்காரன் அப்படிப் பேரு வச்சுட்டான். சரி, அந்தப் பேர ஒரு ஆளுக்குச் சூட்டிப் பாரு. இங்கிலீஷ்ல ‘கிராப்’ன்னா சிடுமூஞ்சி. ஸ்பானிஷ்காரன் வஞ்சது விட்டுத் தொலையாம நச்சரிக்கிறவன. நீ எழுதி வைக்கப் போறது எப்பவும் உர்ருன்னு இருக்கிறவன. ஆளே மாறிப் போச்சுல்லா?

நான் கப்பல் அடுப்படில தலை நரைச்சவன். இலக்கணம் தெரியாது. ஆனா வெனிசுவேலாவுல லா குவைரான்னு ஒரு துறைமுகம் இருக்கு, அங்க ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்தேன். வெயிலு மண்டையப் பொளக்குது. பஸ்ஸு வந்தபாடில்ல. பக்கத்துல நின்ன பையன் முட்டாய்க் காகிதத்தச் சுருட்டி எறிஞ்சிட்டு, ‘கே லதிய்யா’ன்னான். அவன் என்ன பேனா பாத்தான்? ‘என்ன இழவுடா இது’ன்னு சலிச்சுக்கிட்டான். அந்தத் தேசத்துல தொல்லைக்கும் அதான் வார்த்தை, சலிப்புக்கும் அதான் வார்த்தை. கொஞ்சம் கொச்சை, பெரியவங்க முன்னால சொல்லக்கூடாது, அவ்வளவுதான். ‘வாட் எ பெய்ன்’னு போட்டா சோலி முடிஞ்சுது. பேனை எதுக்குத் துழாவுற?

‘சிஞ்சே’ன்னு ஒண்ணு வரும், அப்பவும் பாத்துப் போ. அது மூட்டைப்பூச்சி. மெக்சிகோவுல காகிதத்தப் பலகைல குத்துற குண்டூசியும் சிஞ்சேதான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு டப்பா சிஞ்சே வாங்கிக் குடுத்தேன்னு ஒரு தாய் எழுதியிருந்தா, உன் செயலி அவளப் பத்தி என்ன நெனைக்கும்? கொத்துக் கொத்தா சனங்க செத்தா ஸ்பானிஷ்ல மூட்டைப்பூச்சியாச் செத்தாங்கம்பான். இங்கிலீஷ்காரன் ஈயாச் செத்தாங்கம்பான். பூச்சிக்குப் பூச்சி நேர் வச்சா ரெண்டு பேருமே உன்னப் பாத்துச் சிரிப்பான்.

இப்ப ‘லாப்பா’வுக்கு வா. பாவம்லே அது. கடல் பாறைல தொப்பி கவுத்தாப்ல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்தச் சிப்பி. கேனரித் தீவுல லாஸ் பால்மாஸ்ல எறங்குனா, இரும்புச் சட்டில ஓட்டோட சுட்டு, கொத்தமல்லித்தழையும் பூண்டும் எண்ணெயும் அரைச்ச பச்சை மோஹோவ மேல ஊத்திக் குடுப்பான். ஓடு சுடும், விரல் கொப்புளிக்கும், ஆனாலும் விட மனசு வராது. விடாம ஒட்டுற ஆளை ஸ்பெயின்ல லாப்பாம்பாங்க. இங்கிலீஷ்காரனும் அதே சிப்பியத்தான் ‘லிம்பெட்’டுன்னு சொல்லி ஒட்டுறவனைக் காட்டுவான். எப்பவாச்சும் ஒருவாட்டி இப்படிச் சோடி அமையும், சாமிக்குத் தேங்கா ஒடை.

ஆனா அந்தச் சிப்பிய ஒட்டுண்ணிக் கூட்டத்துல சேத்துட்டானுவளே, அதுதான் எனக்குப் பொறுக்கல. அது யாரு ரத்தத்தக் குடிச்சுது? தண்ணி ஏறுனா பாறைல பாசி மேயும், மேஞ்சிட்டுப் பழைய எடத்துக்கே திரும்பி வந்து உக்காரும். ஓட்டு விளிம்பு அந்தப் பாறைக்குன்னே பொருந்தியிருக்கும். அதோட பல்லுதான் இயற்கைல கண்டதுலயே ரொம்ப வலுவான பொருள்னு 2015-ல இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்துக்காரங்க சொன்னாங்க. சிலந்தி நூலையே மிஞ்சிட்டுதாம். ஒழைச்சுத் திங்கிற சீவன் அது. இன்னொண்ணும் கேட்டுக்கோ: கோஸ்டா ரிகாவுல லாப்பான்னா பஞ்சவர்ணக்கிளி. எந்த ஊருக்காரன் எழுதுனான்னு கேக்காம மொழிபெயர்த்தா, பாறைல கிளிய ஒட்ட வச்சுட்டுத்தான் வருவ.

மனுசன் பூச்சிகிட்ட இருந்து பேரு கடன் வாங்கிக்கிட்டான்னு படிச்சவங்க பேசுவாங்க. ‘பாரசைட்’ விசயத்துல கதை தலைகீழ். அது கிரேக்கச் சொல்லு. சோத்துக்குப் பக்கத்துல உக்காருறவன்னு அர்த்தம். மொதல்ல அது மனுசன்தான். பணக்காரன் பந்தில ஒட்டிக்கிட்டு, அவன் சொன்ன மொக்கைக்கெல்லாம் சிரிச்சு வயித்த ரொப்புறவன். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே ரோம் நாடகக்காரன் பிளாட்டஸ் இவனுவள மேடையேத்திட்டான். ஒருத்தனுக்குத் தானியத்தத் துளைக்கிற வண்டோட பேரு, ‘குர்குலியோ’ன்னு. இன்னொருத்தன் பேரு ‘பெனிக்குலுஸ்’. மேசையத் தொடைச்சுச் சுத்தமாத் தின்னுடுவான்லா, அதனால தூரிகைன்னு பேரு. குடல்ல கெடக்கிற புழுவுக்கு அந்தப் பட்டம் பல நூறு வருசம் கழிச்சுத்தான் கெடைச்சுது. புழு வழக்குப் போட்டா நம்ம தோத்துருவோம்.

ஸ்பெயின்ல பந்திக்காரனுக்குப் பேரு ‘கொர்ரோன்’. கொர்ரான்னா தொப்பி. கூப்பிடாத கல்யாணத்துல நொழஞ்சு, எதிர்ப்பட்டவனுக்கெல்லாம் தொப்பியத் தூக்கி வணக்கம் வச்சா, மாப்பிள்ளை வீட்டான் பொண்ணு வீட்டாள்னு நெனைப்பான், பொண்ணு வீட்டான் மாப்பிள்ளை வீட்டாள்னு நெனைப்பான். அதுல இருந்து வந்த பேருன்னு ஒரு கதை. மெய்யோ பொய்யோ, தந்திரம் நம்ம ஊருலயும் செல்லுதுல்லா? தொப்பிக்கு இங்கிலீஷ் தேடிக்கிட்டு உக்காராத. ‘ஃப்ரீலோடர்’னு போடு.

மெக்சிகோவுல ‘அர்ரிமாதோ’ம்பாங்க. நம்ம வீட்டுத் திண்ணைல சாஞ்சு, பைய உள்ள வந்து, ஒரு கட்டிலையும் பிடிச்சுக்கிட்டவன். பொணமும் அர்ரிமாதோவும் மூணாம் நாள் நாறும்னு அங்க சொலவடை. இங்கிலீஷ்ல பொணத்துக்குப் பதிலா மீன வச்சான். அமெரிக்காவுல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-ல தன் பஞ்சாங்கத்துலயே அதை அச்சுப் போட்டாரு. நாம விருந்தும் மருந்தும் மூணு நாள்னு நாசூக்கா முடிச்சுக்கிட்டோம். மூணு கண்டத்துலயும் கணக்கு மூணு நாளுதான், பாத்தியா? அகராதி இல்லாமலே எல்லாப் பொம்பளையாளும் கணக்குப் போட்டிருக்காவ, ஏன்னா சோறு வடிச்சது அவங்கல்லா.

உன்னை அழ வைக்கப் போறது ‘சுப்போப்தெரோ’. உறிஞ்சுறதுக்கு ‘சுப்பார்’. அது வாலுல, வண்டு வகைக்கு விஞ்ஞானி வைக்கிற பேராட்டம் ஒரு ‘ப்தெரோ’வ ஒட்டிட்டான். சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறவனை ஏதோ பூச்சியினம் மாதிரி வகைப்படுத்துற நக்கல். ஸ்பானிஷ் அகராதிலயே ஏத்திட்டாங்க. இங்கிலீஷ்ல இதுக்குச் சோடி தேடி ராத்திரியெல்லாம் முழிக்கிற பயலுவளுக்கு ஒரு சங்கதி: நக்கல் பாதி போயிரும், போகட்டும். ‘சம்பளந்தின்னி வண்டு’ன்னு தமிழ்ல நான் சொன்னா உனக்குப் புரியுதுல்லா? அதே மாதிரி அவன் ஊருக்கு ஏத்தாப்ல நீயே ஒண்ணு முடைஞ்சு போடு.

வேல பாக்காத ஆண் தேனீக்கு ‘சாங்கனோ’. அதுக்கு இங்கிலீஷ்ல ‘டிரோன்’ சரியா உக்காரும். உட்ஹவுஸ்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தாளர், அவர் கதையில சோம்பேறிப் பணக்காரப் பிள்ளைக கூடுற கிளப்புக்கே அந்தப் பேருதான். ஆனா இன்னைக்கு டிரோன்னு எழுதுனா மேல பறக்குற கேமராவத்தான் அண்ணாந்து பாப்பீங்க. ரத்தம் உறிஞ்சுறவனுக்கு ‘லீச்’, யோசிக்கவே வேண்டாம். பழைய இங்கிலீஷ்ல வைத்தியனுக்கும் அதே சொல்லுதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி ரசீதப் பாத்தா காரணம் கேக்க மாட்ட.

இப்ப ஒரு புதுக் கூத்து. சாப்பிட்டியான்னு ரெண்டுவாட்டி கேட்டாலே ‘க்ளிங்கி’ன்னு முத்திரை குத்துறீக. அதுக்கு ஸ்பானிஷ்ல என்னன்னு என்கிட்டயே ஒரு பிள்ளை கேட்டுது. ‘எம்பலகோசோ’ன்னு ஒண்ணு இருக்கு, இனிப்பு திகட்டுனாச் சொல்றது. திகட்டுற அளவுக்கு அன்பு காட்டுறவன வேணும்னா அப்படிச் சொல்லு, லாப்பான்னும் சொல்லு. ஆனா அட்டைப் பேரையும் பேன் பேரையும் அவன் மேல ஒட்டாத. காசு கேட்டானா? கட்டிலப் பிடிச்சானா? பாசந்தானே காட்டுனான்?

ஆகவே தம்பி, எந்த ஊரு, யாரு யாரைச் சொன்னான், அவன் காசக் கரைச்சானா, சோத்தக் கரைச்சானா, பொறுமையக் கரைச்சானான்னு பாத்து எழுது. போ, போயி ஒறங்கு. கூலி பேசும்போது மட்டும் வார்த்தைக்கு இவ்வளவுன்னு ஒத்துக்கிடாத, மணிக்கு இவ்வளவுன்னு கேளு.