ரொம்ப அமைதியான அறை

தொலைபேசி நேர்காணலுக்கும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். நியாயம்தான்; சுருக்கம் குரலில் தெரிந்துவிடும். எங்கள் புளியந்தோப்புப் பையன் ஷூவும் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு அடியில் நின்றான். சிக்னல் அங்கேதான் குடியிருக்கிறது.

வீட்டிலிருந்தே வேலை! இதுவல்லவா முன்னேற்றம். அந்தக் காலத்தில் பின்னி மில்லுக்கு ஓட வேண்டும். ஓடிப் போனவர்கள் சும்மா இருந்தார்களா? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள், 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இப்போது அந்தத் தொல்லையே இல்லை. சங்கம் வைக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டுமே.

கம்பெனியின் ஒரே நிபந்தனை, அமைதியான அறை. தெருவே ஒத்துழைத்தது. அம்மா குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினார். கீழ்வீட்டு ஆயா சீரியலைத் தியாகம் செய்தார். கானா பாடும் அண்ணன் வாயில் பன்னை அடைத்துக்கொண்டார். பேசின் பிரிட்ஜ் ரயிலுக்குத்தான் யாரும் சொல்லி வைக்கவில்லை.

பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் பேசினார். "உங்க ஏரியா எப்படி, சத்தமா இருக்குமா?"

"ரொம்ப அமைதி மேடம்."

ரயில் ஊதியது. பையன் மைக்கை விரலால் அடைத்தான். பயனில்லை. அதே ஊதல், அதே நீளம், காதில் வைத்த போனுக்குள்ளிருந்தும் வந்தது.

இரண்டு பக்கமும் மௌனம்.

"தம்பி," என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி. "தண்ணி லாரி உங்க பக்கம் வந்துடுச்சா?"