இன்னும் ஒரு பேப்பர்தான்

தனியார் பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் துறையில், கழுத்தில் அடையாள அட்டையும் கண்ணில் தூக்கமுமாக ஒருவர் போனால், பகுதிநேரமாகப் பிஎச்.டி. பண்ணுகிறவர் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். காலையில் தெர்மோடைனமிக்ஸ் வகுப்பு, மாலையில் விடைத்தாள், கோடையில் பிளஸ் டூ பிள்ளைகளின் வீடு தேடிப்போய் அட்மிஷன் பிரசாரம். மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சிக்கு. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியராக வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வேண்டும் என்கிறது ஏ.ஐ.சி.டி.இ. விதி.

அவருடைய தலைப்பு ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங். 1991-ல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தில் பிறந்த வித்தை. சுழலும் டூலை இரண்டு அலுமினியத் தகடுகள் சேரும் இடத்தில் அழுத்தி ஓட்டினால், உராய்வுச் சூட்டில் உலோகம் உருகாமலே இளகிக் கலந்து ஒட்டிக்கொள்ளும். உருகாமல் இளகுவது எப்படி என்று சந்தேகமிருந்தால், கைடு அறை வாசலில் அவர் நிற்கும்போது போய்ப் பாருங்கள்.

ஒட்டிய தகட்டை யூடிஎம் என்கிற சோதனை இயந்திரத்தில் மாட்டி இழுப்பார். வெல்டை விட்டு வேறிடத்தில் அறுந்தால் அன்றைக்கு வீட்டுக்கு அல்வா. கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் மேசைக் காலின் வெல்டைத் தடவிப் பார்த்து, “பொரோசிட்டி ஜாஸ்தி” என்று முகம் சுளிப்பார்.

சுழலும் வேகம், நகரும் வேகம், அழுத்தம், டூல் சாய்வு. ஒவ்வொன்றிலும் மூன்று அளவு. அத்தனையும் செய்தால் 81 சோதனை. ஜப்பானிய நிபுணர் தாகுச்சியின் எல்9 அட்டவணைப்படி 9 போதும். தாகுச்சி படம் பூஜையறையில் இல்லாததுதான் குறை. ஒன்பதையும் முடித்து ஆய்விதழுக்குப் பேப்பர் அனுப்பினால், மாதக்கணக்கில் மௌனம் காத்த முதல் ரிவியூவர், “ஏன் 27 செய்யவில்லை?” என்பார். இரண்டாமவருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. ஒரே ஆசிரியர் எழுதிய ஐந்து பேப்பர்களைக் கொடுத்து மேற்கோள் காட்டச் சொல்வார். அந்த ஆசிரியர் யாரென்று ஊகிக்கப் பிஎச்.டி. தேவையில்லை.

“மாப்ள, படிப்பு எப்ப முடியுது?”

“முடிஞ்ச மாதிரிதான் மாமா. இன்னும் ஒரு பேப்பர்தான்.”

“போன தீபாவளிக்கும் அந்த ஒரு பேப்பர்தானே நின்னுச்சு? டியூஷன் கியூஷன் வெச்சுக் கிளியர் பண்ணக் கூடாதா?”

யூ.ஜி.சி.யின் 2022 விதிப்படி உச்சவரம்பு ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. மாமாவிடம் அதைச் சொல்வதில்லை.

ஒருநாள் வைவாவும் முடிகிறது. போண்டாவுக்காக வந்த ஜூனியர்கள் கைதட்டுகிறார்கள். வீட்டு வாசலில் ‘முனைவர்’ என்று பித்தளைப் பலகை ஏறுகிறது. சில வருடத்தில் கைடு அங்கீகாரமும் வர, முதல் மாணவர் பயபக்தியோடு எல்9 அட்டவணையை நீட்டுகிறார்.

நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொள்கிறார்.

“ஒன்பதுதானா? இருபத்தேழாவே பண்ணிடுங்களேன், தம்பி!”