கயிறு கட்டிய வீரம்

நட்சத்திரங்களுக்கு சர்க்கஸ் கற்றுக்கொடுத்து அதையே நிகழ்ச்சியாக்கும் யோசனை முதலில் வெள்ளைக்காரருக்குத்தான் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2005-இல், அமெரிக்காவில் 2008-இல் ‘செலிப்ரிட்டி சர்க்கஸ்’ என்றே பெயர் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே சீசனில் மூட்டை கட்டின. நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். அதே 2008-இல் கலர்ஸ் தொலைக்காட்சி ‘கத்ரோன் கே கிலாடி’யை இறக்கியது, சீசன் சீசனாக ஓடியது. நடிகர் நடிகைகளைக் கேப் டவுன் வரை கூட்டிப்போய் ஹெலிகாப்டரில் தொங்கவிடுகிறார்கள். இடுப்பில் கயிறு, கீழே தண்ணீர், சுற்றிலும் கேமரா. இறங்கியதும் ஓர் அழுகை. பயப்படுவதற்குச் சம்பளம் தரும் தொழில் நாட்டில் இது ஒன்றுதான்.

கயிறில்லாத வித்தை பார்க்க வேண்டுமா? விடியற்காலையில் பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு வாருங்கள். கோலார் தங்கவயல் மாரிகுப்பத்திலிருந்து வரும் ரயில் வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். ஒரு கால் படிக்கட்டில், ஒரு கால் காற்றில், தோளில் சாப்பாட்டுப் பை, கம்பியில் நாலு விரல். பெங்களூருக்கு எழுபது கிலோமீட்டர். செக்யூரிட்டி வேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகிற பிள்ளைகள். இவர்களுக்கு இந்த வித்தையைப் பழக்கியது இந்திய அரசு: 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடி.

இவர்களின் அப்பாக்கள் காட்டிய வித்தைக்கு டிக்கெட்டே போடவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே கேஜ் என்ற கூண்டில் இறங்கினார்கள். அங்கே பாறையே சுடும். சில நாள் அது வெடித்தும் சிதறும். ஊரில் அதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர். மேலே வீட்டுப் பாத்திரம் உருண்டால் பெண்கள் ஷாப்ட்டை நோக்கி ஓடுவார்கள். ரீடேக் கிடையாது. பிழைத்து வந்தவருக்குப் பரிசு, நுரையீரலில் சிலிக்கா தூசி.

2018-இல் ‘கேஜிஎஃப்’ படம் வந்து கதாநாயகன் சுத்தியலைத் தூக்கினார், கோடிகள் கொட்டின. சுரங்கக் கழிவான சைனைடு மேட்டுப் புழுதி மட்டும் இன்னமும் இங்கே உள்ளவர் சோற்றில்தான் விழுகிறது. அதற்கு எவனும் விசில் அடிக்கவில்லை.

பங்காருபேட்டை பானிபூரித் தண்ணீர் நிறமே இல்லாமல் தெளிந்திருக்கும். அப்படி ஒரு கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கரப்பான்பூச்சிப் பெட்டிக்குள் கையை விட்ட நடிகை வீறிட்டார். பக்கத்தில் நின்ற மாஜி சுரங்கத் தொழிலாளி பூரியை மென்றபடி கேட்டார்: “ஏம்ப்பா, நம்ம டிபன் பாக்ஸ்லயே ஏறிட்டு வருமே, அதுக்கெல்லாம் எவனாவது காசு குடுத்தானா?”

நிஜமான சர்க்கஸ்காரர் கதி தனி. வாழ்நாளெல்லாம் ‘பார்’ விளையாடித் தோள்பட்டை கழன்றவர் பெயர் யாருக்குத் தெரியும்? அதையே சில வாரம் பழகிய நடிகருக்கு ‘அச்சமில்லா நாயகன்’ பட்டம்!

தொலைக்காட்சி முதலாளிகளே, அடுத்த தடவை கேப் டவுன் வேண்டாம். உங்கள் வீரர்களை ஒரு மாதம் மாரிகுப்பம் ரயில் படிக்கட்டில் நிறுத்துங்கள். சீசன் டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன். ரயில்வேக்காரர்களே, நீங்கள் அந்த வண்டிக்கு நாலு பெட்டி கூடுதலாகப் போடுங்கள். எங்கள் சர்க்கஸ் நின்றுவிடும். நின்று தொலையட்டும்.