இழவுக்கும் தள்ளுபடிக்கும் ஒரே மணியா?

அனுப்புநர்:
சந்தாதாரர் ஒருவர்,
சென்னை.
(கைபேசி எண் எழுதவில்லை. ஊரில் மனை விற்கிற அத்தனை பேரிடமும் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளவும்.)

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்),
புது தில்லி.

பொருள்: குறுஞ்செய்திகளுக்கு வால் எழுத்துகள் போதாமை – கூடுதல் எழுத்துகளும் ஓசைகளும் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இந்த நிமிடம் வரை வந்த குறுஞ்செய்திகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

2025-ல் தாங்கள் செய்த நல்ல காரியத்துக்கு முதலில் நன்றி. வணிகக் குறுஞ்செய்தி அனுப்புகிறவரின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு, ஓர் எழுத்தைத் தொங்கவிடச் சொன்னீர்கள். விளம்பரம் என்றால் பி, சேவை என்றால் எஸ், பரிவர்த்தனை என்றால் டி, அரசு என்றால் ஜி. அன்று முதல் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. இரவு எட்டரைக்குச் சோற்றில் கை வைத்ததும் கைபேசி கூப்பிடுகிறது. கையைக் கழுவி, துடைத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிப் பார்த்தால், வாலில் 'பி'. என் சாப்பாட்டைக் கெடுத்தது விளம்பரம்தான் என்று அதிகாரபூர்வமாகத் தெரிந்துகொண்டு மறுபடி உட்காருகிறேன். குழம்பு ஆறிப்போயிருக்கும். அது தங்கள் வரம்புக்குள் வராது.

சங்கடம் என்னவென்றால், எழுத்து கண்ணுக்குத்தான். காதுக்கு நான்கும் ஒரே 'டிங்'.

1909 என்ற எண்ணுக்கு 'ஸ்டார்ட் 0' என்று அனுப்பி எல்லா விளம்பரத்தையும் மறுக்கலாமே என்பீர்கள். முழுக்க மறுக்க மனமில்லாதவர்களுக்கு வங்கி, வீடு-மனை, கல்வி, உடல்நலம் என்று வகைவகையாகத் தேர்ந்தெடுக்கவும் இடம் வைத்திருக்கிறீர்கள். பூஜ்யத்தையே அனுப்பினேன். மனைக்காரர்கள் அடங்கினார்கள். ஆனால் ஒரு வங்கி, எனக்குக் கடன் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று வாரம் தவறாமல் தெரிவிக்கிறது. வாலில் 'எஸ்'. கேட்காத கடனைத் தருவது சேவையாம். புகார் செய்ய முன்பு மூன்று நாள்தான் அவகாசம். இப்போது ஏழு நாள் ஆக்கியிருக்கிறீர்கள். நிதானமாகக் கோபப்பட வசதி.

தங்கள் வடிகட்டி வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2018 விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனமும் தான் அனுப்பப்போகும் செய்தியின் மாதிரியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பொருந்தாத செய்தியை வழியிலேயே தடுத்துவிடலாம். 2021 மார்ச் 8 அன்று அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். நாடெங்கும் ஓடிபிகள் வழியிலேயே நின்றன. பணம் அனுப்ப முடியாமல் ஜனங்கள் திண்டாட, ஏழு நாளைக்கு வடிகட்டியைக் கழற்றி வைத்தீர்கள். எந்த ஒரு செய்திக்காக மனிதன் கைபேசியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறானோ, அது மட்டும் வரவில்லை. அப்படி ஒரு துல்லியம் அதற்கு முன்பும் பின்பும் வாய்க்கவில்லை.

இதற்கிடையில் எஸ்எம்எஸ்ஸில் அடங்கியவர்களெல்லாம் வாட்ஸ்அப்பில் முளைத்துவிட்டார்கள். வாசலுக்குப் பூட்டுப் போட்டது தாங்கள். ஜன்னல் தங்கள் அதிகாரத்தில் இல்லை. செயலிகளும் அப்படித்தான். 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, ஒரே செயலியின் அறிவிப்புகளைக்கூடத் தனித்தனி வகையாகப் பிரித்து, வேண்டாததை மட்டும் வாயடைக்கும் ஏற்பாடு வந்தது. எதை எந்த வகையில் போடுவது என்பதைச் செயலி செய்பவரே தீர்மானிக்கலாம் என்றும் வைத்தார்கள். நான் சோறு வரவழைக்கும் செயலி, 'உங்கள் சாப்பாடு வாசலில் நிற்கிறது' என்பதையும் 'பிரியாணி உங்களை நினைத்து ஏங்குகிறது' என்பதையும் ஒரே வகையில் போட்டிருக்கிறது. ஏக்கத்தை அடைத்தால் சாப்பாட்டுக்காரத் தம்பி வாசலில் காய்வார். ஆகவே தினமும் மூன்று வேளை பிரியாணியின் மனக்குறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேல் சொந்தக்காரர்கள். எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பெரியவர் தவறிய செய்தி, குட் மார்னிங் ரோஜாக்களுக்கு நடுவே வந்து விழுந்தது. அதே டிங். கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். எது பெரியவருக்கு, எது ரோஜாவுக்கு என்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை. சைலண்டில் போட்டால் போச்சு என்கிறார்கள். போட்டால், 'மெசேஜ் போட்டேனே, பாக்கலையா?' என்று காரியத்துக்கு வராதவன் பட்டியலில் ஆயுளுக்கும் பெயர் ஏறும்.

தந்தி இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாரையும் முந்திப் போக வேண்டும் என்றால் எக்ஸ்பிரஸ் தந்தி; அதற்குக் கூடுதல் காசு. தீபாவளி வாழ்த்துக்கும் கல்யாண வாழ்த்துக்கும் அச்சிட்ட வாசகங்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும். அவசரம் என்று சொல்கிறவன் பையில் கைவிட வேண்டியிருந்ததால், அவசரம் அவசரமாகவே இருந்தது. 2013 ஜூலையில் அந்தச் சேவையை மூடினார்கள். இன்றைக்கு அனுப்புகிறவன் தானே அவசரம் என்று முடிவு செய்கிறான்; சல்லிக்காசு செலவில்லை. கை கழுவுகிற செலவு முழுதும் என்னுடையது.

எனவே, கீழ்க்கண்டவாறு உத்தரவிடக் கோருகிறேன். இழவுச் செய்திக்கு 'இ' என்று தனி வாலும் தனி ஓசையும் வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு 'க'. ஓசை வேண்டாம், எப்படியும் நேரிலும் வருவார்கள். ரோஜா, சூரியோதயம், காபிக் கோப்பை வகையறாவுக்கு 'வெ'. விரிவாக்கம் தங்களுக்கே தெரியும். கடன் தருகிறேன் என்கிறவர்கள் ஒவ்வொரு டிங்குக்கும் எனக்கு ஒரு ரூபாய் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். அவர்கள் சொல்வது நிஜமாகவே எனக்கு அவசரமாக இருந்தால் திருப்பித் தந்துவிடுகிறேன். வங்கிகளுக்கு இந்த நடைமுறை புதிதல்ல. நம்மிடம் வசூலிக்கும்போது இதைவிடத் தாராளமாகவே செய்கிறார்கள்.

ஓடிபிக்குக் கட்டணம் வேண்டாம். அது வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்தாதாரர்.

நகல்: எங்கள் குடும்பக் குழுவின் அட்மின் சித்தப்பா அவர்களுக்கு – தகவலுக்காக மட்டும், ஃபார்வர்டு செய்வதற்கு அல்ல.