என்ஜின் இறக்கும் வைபவம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏறி அம்பாசடருக்கு கிளட்ச் தேய்ந்துவிட்டால், அதைக் கீழே ஒர்க்‌ஷாப்பில் விடுவது கோழைத்தனம். ஏற்காட்டில் என் மச்சான் தன் வீட்டு ஷெட்டிலேயே என்ஜினை இறக்கினார். (மேலே தூக்குவதற்குத்தான் தமிழில் 'இறக்குவது' என்று பெயர்.) உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டி இழுத்தார். என்ஜின் ஓரங்குலம் எழுந்தது; உத்தரம் ஓரங்குலம் இறங்கியது. என்ன ஒரு சமரசம்!

நட்டு, போல்ட்டெல்லாம் காபிக்கொட்டை முறத்தில் பத்திரமாக இருந்தன. அந்த வாரக் காபியில் கொஞ்சம் கிரீஸ் மணம், அவ்வளவுதான்.

மூன்று மாதம் பெட்ரோல் செலவு பைசா இல்லை. எந்தக் கார் இப்படி மைலேஜ் தரும்? 2014-இல் அம்பாசடர் தயாரிப்பையே நிறுத்தினார்கள். மச்சானைக் கேட்டிருந்தால் என்ஜின் இல்லாமலே விற்றுப் பிழைத்திருக்கலாம்.

மறுபடி மாட்டியதும் ஏழு போல்ட் மிச்சம். "கம்பெனிக்காரன் தாராளம்" என்றார். சாவியைத் திருகியதும் வண்டி உறுமியது. தேங்காய் உடைத்தோம்.

அக்கா பரணிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தோடு வந்தாள்.

"ஏங்க, இந்தப் புது கிளட்ச் பிளேட்டை எங்க வைக்கறது?"